வெள்ளம் வராத இரவிலும் அந்த மண்டபத்தைத் திறவுங்கள்

யாழ்ப்பாண மாவட்டச் செயலாளர் அவர்களுக்கும், பதினைந்து பிரதேச செயலாளர்களுக்கும், மாநகர முதல்வருக்கும், நகர சபை, பிரதேச சபைத் தவிசாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் முப்பத்திரண்டு வருடம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வுபெற்றவள். வலிகாமத்தில் இருக்கிறேன். உங்களில் சிலருடைய பிள்ளைகளுக்கும் 'அ' எழுதக் கைபிடித்திருக்கலாம். வெள்ளத்துக்குத் திறக்கிற மண்டபத்தைப் போக்கிடம் இல்லாமல் பிள்ளைகளோடு நிற்கிற குடும்பத்துக்கும் திறக்கக் கேட்டு, அந்த உரிமையோடுதான் இதை எழுதுகிறேன்.

சென்ற மாரி தொடங்கிய நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை. பின்னேரம் ஆறு மணி இருக்கும். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் எங்கள் பக்கத்து பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. வாங்கில் என்னுடைய பழைய மாணவன் ஒருவன் இருந்தான். மூன்றாம் ஆண்டில் என்னிடம் படித்தவன், இப்போது பன்னிரண்டு வயது. என்னைக் கண்டும் காணாதவன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் தாய். ஏழு வயதுத் தங்கச்சி. இரண்டு வயதுக் கடைக்குட்டி ஒரு உரப்பையில் தலைவைத்து நித்திரை. உரப்பைக்குள் சட்டி பானை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. இரண்டு புத்தகப் பை. ஒரு பிளாஸ்டிக் வாளி.

அந்தச் சின்னப் பெண்ணின் வெள்ளைச் சட்டை, வாங்கின் சாய்மானத்தில் விரித்துக் கிடந்தது. காலையில் தோய்த்தது, காய முதல் வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டியதாகிவிட்டது. பஸ் ஒன்று உள்ளே வரும்போதெல்லாம் அவள் எழும்பி, அந்தச் சட்டையை எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். புகை படிந்துவிடும் என்று. பஸ் போனதும் திரும்ப விரித்தாள். நான் நின்ற நேரத்துக்குள் ஏழெட்டுத் தடவை.

கதை பெரிய கதை இல்லை. அவர்கள் இருந்தது வாடகை வீடு. சொந்தக்காரர் வெளிநாட்டில். வந்து விற்றுவிட்டார். ஒரு மாத அவகாசம் கொடுத்தார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த ஒரு மாதமும் இந்தத் தாய் வேலை முடிந்து வந்து ஒழுங்கை ஒழுங்கையாக வீடு தேடியிருக்கிறாள். கடை ஒன்றில் கூட்டித் துடைக்கிற வேலை, நாளுக்கு 1,500 ரூபா. மாதம் 12,000 ரூபாவுக்கு ஒரு அறையும் குசினியும் இருந்தது. ஆறு மாத முற்பணம் கேட்டார்கள். 72,000 ரூபா. அதைவிட இரண்டு கேள்வி எல்லா வீட்டு வாசலிலும் கேட்டார்களாம். "பிள்ளையள் எத்தினை?" அடுத்தது, "ஆம்பிளை ஆர் இருக்கினம்?" புருசன் விட்டுவிட்டுப் போய் இரண்டு வருடம் என்று சொன்னதும் கதை முடிந்துவிடும்.

அன்றிரவு நான் எடுத்த தொலைபேசி அழைப்புகளைச் சொல்ல வேண்டும். எந்த அலுவலகம், எந்த இல்லம் என்று எழுத மாட்டேன். பேசிய ஒருவரும் கெட்டவர் இல்லை, எல்லாரும் தங்கள் வேலைக்குள் நின்றுதான் பதில் சொன்னார்கள்.

முதலில் விதானையார், அதாவது கிராம அலுவலர் ஒருவர். உடனே எடுத்தார், மரியாதையாகப் பேசினார். "டீச்சர், அவை என்ர பிரிவில பதிவில்லை. பதிவு வன்னியில கிடக்கு. அங்கத்தை விதானையிட்டக் கடிதம் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கோ" என்றார். யுத்தம் முடிந்து மீள்குடியேறிய ஊரில் பதிவு. பிழைப்புத் தேடி யாழ்ப்பாணம் வந்து மூன்று வருடமாகியும் பதிவை மாற்றவில்லை. வாடகைக்குக் கொடுத்தவர் வதிவிட அத்தாட்சிக்குக் கையெழுத்து வைக்க விரும்பவில்லை, பிறகு எழும்ப மாட்டார்கள் என்ற பயம். சரி, அந்த வன்னி விதானையாரிடம் போவதென்றாலும் இனித் திங்கட்கிழமைதான். அரச அலுவலகம் பின்னேரம் நாலேகாலுக்குப் பூட்டியாயிற்று.

அடுத்ததாகப் பெண்களுக்கான தங்குமிடம் ஒன்று. தாயும் சின்னது இரண்டும் வரலாம், மூத்தவனை எடுக்க முடியாது என்றார்கள். வயது வந்த பெண்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், அதனால் அந்த விதி. காரணம் விளங்குகிறது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எங்கே போவான்?

கடைசியில் பேசியவர் நல்ல அனுபவசாலி. திங்கட்கிழமை நன்னடத்தை அலுவலகத்துக்கூடாகப் பிள்ளைகளைச் சிறுவர் இல்லத்தில் சேர்க்கலாம், தாய் ஒரு இடம் பார்த்துக்கொண்டு பிறகு வந்து கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். அதைத் தாயிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "பிள்ளையளை விட்டிட்டு நான் என்னெண்டு டீச்சர் இருக்கிறது?" என்று கேட்டாள். அப்போதுதான் அந்தப் பையன் முதல் தடவையாக வாய் திறந்தான்.

"நான் இஞ்ச பஸ் ஸ்ராண்டில படுக்கிறன் டீச்சர். அம்மாவையும் தங்கச்சியாக்களையும் அந்த இடத்தில விடுங்கோ."

இப்படி ஒரு முடிவை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை எடுக்கிற நிலையில் நாங்கள் ஒரு மாவட்டத்தை வைத்திருக்கிறோம். அதற்காகத்தான் இந்த மடல்.

அவர்கள் என் வீட்டு முன்னறையில் இருபத்து மூன்று நாள் இருந்தார்கள். பிறகு ஒரு இடம் கிடைத்தது, முற்பணத்தை என்னோடு படிப்பித்த நாலைந்து பேர் சேர்ந்து போட்டோம். இதைப் பெருமைக்கு எழுதவில்லை. அந்த பஸ் பத்து நிமிடம் முந்தி வந்திருந்தால் நான் ஏறிப் போயிருப்பேன்.

ஐயா, அம்மா, நான் உங்களிடம் கேட்கப் போவது புதிய ஒன்று அல்ல. நீங்கள் ஏற்கனவே செய்து காட்டியதைத்தான் கேட்கிறேன்.

2008 கார்த்திகையில் நிஷா புயலோடு வந்த வெள்ளம், 2020 மார்கழியில் புரேவி, பிறகு 2024 கார்த்திகை மழை. ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது என்று கண்ணால் கண்டவள் நான். தண்ணீர் வீட்டுப் படியைத் தொடும்போதே விதானையார் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ வந்து நிற்பார். பொதுநோக்கு மண்டபம் திறந்துவிடும், அது போதாவிட்டால் பள்ளிக்கூடம், அதுவும் போதாவிட்டால் கோயில் மடம். பின்னேரத்துக்குள் எத்தனை குடும்பம், எத்தனை பேர், பால்மா குடிக்கிற குழந்தை எத்தனை என்று கணக்குப் போய்விடும். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் சமைக்கத் தொடங்கிவிடுவார்கள். இராத்திரிக்குச் சோறும் பருப்பும் வந்துவிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுக்குக் குளோரின் போட வருவார். அன்றிரவு எந்தத் தாயிடமும் யாரும் வதிவிட அத்தாட்சி கேட்டதில்லை. எந்தப் பன்னிரண்டு வயதுப் பையனையும் வெளியே நில் என்று சொன்னதில்லை. 2005ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் கையில் இருக்கிறது, 117 என்ற அவசரத் தொலைபேசி இலக்கம் இருக்கிறது, 435 கிராம அலுவலர் பிரிவுகள் இருக்கின்றன, யார் எங்கே தங்கலாம் என்ற திட்டம் இருக்கிறது. இவ்வளவும் ஆயத்தமாக இருக்கிற ஒரு மாவட்டம் இது.

ஆனால் தண்ணீர் வராமல், வாடகை வந்து ஒரு குடும்பத்தை வெளியே தள்ளினால் அந்தக் கதவு ஒன்றும் திறக்காது. கிழமைக் கிழமை வாசலில் வந்து நிற்கிற நுண்கடன்காரருக்குப் பயந்து ஊரை விட்டு வந்த குடும்பத்துக்குத் திறக்காது. குடித்துவிட்டு அடிக்கிற புருசனிடமிருந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடி வந்தவளுக்கு, அவளோடு வளர்ந்த மகன் இருந்தால், திறக்காது. ஓலைக் கொட்டில் எரிந்துபோனால் ஊர்ச் சனம் இரண்டு நாளைக்குப் பார்க்கும். பிறகு?

பிள்ளைக்கு ஒரு கொடுமை நடந்தால் 1929க்கு எடுக்கலாம். பெண்ணுக்கு நடந்தால் 1938. புயல், வெள்ளம் என்றால் 117. "எங்களுக்கு இன்றிரவு படுக்க இடமில்லை, மூன்று பிள்ளைகள்" என்று சொல்ல எந்த இலக்கத்துக்கு எடுப்பது? அன்றிரவு நான் தேடினேன். அப்படி ஒன்று என் கையில் அகப்படவில்லை.

1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவை இந்த மாவட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டிய யாருக்கும் நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. யுத்தத்துக்குப் பயந்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. இலட்சக்கணக்கான சனம். மழை. என் மூத்தவனுக்கு அப்போது ஒன்றரை வயது, தோளில் துவாயைப் போட்டு அவனை அதற்குள் கட்டியிருந்தேன். இரவு எட்டு மணிக்கு வெளிக்கிட்டு, மீசாலைப் பக்கம் போய்ச் சேர அடுத்த நாள் மத்தியானம். முன்பின் தெரியாத ஒரு அம்மா தன் வீட்டு விறாந்தையைக் காட்டி, "பிள்ளையோட மழைக்குள்ள நிக்காதேங்கோ, ஏறுங்கோ" என்றார். அந்த விறாந்தையில் ஆறு குடும்பம். அந்த வளவு மாமரத்துக்குக் கீழே இன்னும் நாலு. ஆர், எவர், எந்த ஊர், என்ன சாதி, பதிவு எங்கே என்று அந்த அம்மா கேட்கவில்லை. ஐந்து மாதம் இருந்தோம்.

அந்த விறாந்தையில் வளர்ந்த பிள்ளைகள்தான் இன்றைக்கு உங்கள் அலுவலகங்களில் கதிரையில் இருக்கிறார்கள். உங்களில் சிலரும் அப்படி ஒரு விறாந்தையில் படுத்திருப்பீர்கள்.

அதற்கும் முந்திப் பார்த்தால், இந்த மண்ணுக்குத் தங்குமடம் புதிதல்ல. தெருவுக்குத் தெரு மடம் கட்டி, பக்கத்தில் கிணறு வெட்டி, சுமைதாங்கி வைத்த ஊர்கள் இவை. மடத்தடி என்று இன்றும் இடப்பெயர் இருக்கிறது, மடத்தைத்தான் காணோம். தொண்டைமானாற்றில் சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்கிறோம். போக்கிடம் இல்லாதவன் அங்கே போனால் பசியோடு படுக்க மாட்டான் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. நம்பிக்கை நல்லது. ஆனால் திங்கட்கிழமை காலையில் ஏழரை மணிக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைக்கு மடம் போதாது. பூட்டக்கூடிய கதவு, மலசலகூடம், படிக்க ஒரு லைற் வேண்டும்.

இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'தற்காலிகம்' என்ற சொல் எங்களுக்கு என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். 1990இல் யுத்தத்தால் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய சனத்துக்கு மல்லாகம், சுன்னாகம் பக்கங்களில் நலன்புரி நிலையங்கள் போட்டார்கள். தற்காலிகம்தான். அதற்குள் பிறந்த பிள்ளைகள் உயர்தரம் எழுதினார்கள், கலியாணம் கட்டினார்கள், தங்கள் பிள்ளைகளையும் அதற்குள்ளேயே பெற்றார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பலர் அங்கேயே இருந்தார்கள். கடைசிவரை மிஞ்சியவர்களில் கனபேர் திரும்பிப் போகச் சொந்தமாக ஒரு துண்டுக் காணி இல்லாதவர்கள். காணி உறுதி இருந்தால்தான் வீட்டுத்திட்டம், காணியில்லாதவனுக்கு வீடும் இல்லை. யாழ்ப்பாணத்தில் யாருக்குக் காணி இல்லை, ஏன் இல்லை என்பது நாங்கள் எல்லாரும் அறிந்த, வாய் திறந்து பேச வெட்கப்படுகிற விஷயம். அந்த முகாம் பிள்ளைகளுக்கு நான் படிப்பித்திருக்கிறேன். வீட்டுப்பாடம் ஏன் செய்யவில்லை என்று கேட்டால், "பக்கத்து அறையில சண்டை டீச்சர்" என்பார்கள். அறைக்கும் அறைக்கும் நடுவில் இருந்தது ஒரு சீலை.

ஆகவே நான் கேட்பது இன்னொரு முகாம் அல்ல. ஒரு இரவுக்குக் கதவு, அதற்குப் பிறகு ஒரு குறித்த காலம், அந்தக் காலத்துக்குள் ஒரு வாடகை வீடு. தொண்ணூறு நாள் என்று வையுங்கள். அந்தத் தொண்ணூறு நாளும் ஒரு உத்தியோகத்தர் அந்தக் குடும்பத்தின் பெயரைத் தன் கொப்பியில் வைத்திருக்க வேண்டும்.

அந்த உத்தியோகத்தர் ஏற்கனவே உங்களிடம் இருக்கிறார். பிரதேச செயலகங்களில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார். இவர்கள் கஷ்டப்பட்டு வேலை செய்கிறவர்கள், எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துக்கு வந்து போவார்கள். இல்லாதது என்னவென்றால், நாலேகாலுக்குப் பிறகும் சனி ஞாயிறும் ஒருவர் முறைக்கு நிற்பது. அப்புறம், அவர் கையில் திறக்க ஒரு சாவி.

முதல் இரவில் காகிதம் கேட்காதீர்கள். அடையாள அட்டை இருந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் காலையில் பார்க்கலாம். பதிவு வன்னியிலோ மன்னாரிலோ மலையகத்திலோ இருக்கட்டும். இந்தப் பதிவுச் சிக்கலை நான் பள்ளிக்கூடத்திலேயே கண்டவள். முதலாம் ஆண்டு அனுமதிக்கு வாக்காளர் இடாப்பில் பெயர் கேட்கிறோம். வாடகைக்கு இருக்கிறவன் பெயர் பெரும்பாலும் அதில் ஏறுவதில்லை. அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு பழைய பிரிவில் கிடக்கும், மாற்றப் போனால் வதிவிட அத்தாட்சி. அத்தாட்சிக்கு வீட்டுக்காரர் கையெழுத்து. வீடே இல்லாதவளுக்கு யார் கையெழுத்து வைப்பது? அவர்கள் தங்குகிற மண்டபத்தின் விலாசத்தையே தற்காலிக வதிவிடமாக விதானையார் ஏற்றுக்கொண்டால் பாதி முடிச்சு அவிழ்ந்துவிடும்.

தாயையும் பிள்ளைகளையும் பிரிக்காதீர்கள். தகப்பன் இருந்தால் அவரையும் சேர்த்து. அடிக்கு ஓடி வந்த தாய்க்கு வேறு, பாதுகாப்பான, விலாசம் வெளியே தெரியாத இடம் வேண்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமே நீதிமன்றக் கட்டளையோடு அப்படியான தங்குமிடத்தைப் பற்றிப் பேசுகிறது. அங்கேயும் வளர்ந்த மகனோடு வருகிறவளுக்குப் பூட்டக்கூடிய ஒரு தனி அறையாவது இருக்க வேண்டும்.

சிறுவர் இல்லங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றை நடத்துகிறவர்களை நான் மதிக்கிறேன். யுத்தத்தில் எல்லாரையும் இழந்த பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள் அவர்கள். ஆனால் இலங்கையின் இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையால் வந்து சேர்ந்தவர்கள் அதில் ஏராளம். வறுமை ஒன்றை மட்டுமே காரணமாகக் காட்டி ஒரு பிள்ளையைப் பெற்றோரின் பராமரிப்பிலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட 2009ஆம் ஆண்டு வழிகாட்டல்கள் சொல்கின்றன. எங்கள் அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, எல்லாக் குடிமக்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் போதிய உணவு, உடை, வீடு உள்ள வாழ்க்கை என்பதை அரசின் இலக்காக எழுதி வைத்திருக்கிறது. 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்திலும், அதே 27ஆம் உறுப்புரையில்தான், பெற்றோருக்கு முடியாதபோது உணவுக்கும் உடைக்கும் வீட்டுக்கும் அரசு கைகொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. நான் சட்டம் படித்தவள் இல்லை. சிறுவர் தினத்துக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வாசித்தவள், அவ்வளவுதான்.

காசைப் பற்றியும் பேசுவோம். அந்தக் குடும்பத்துக்குத் தேவைப்பட்டது 72,000 ரூபா முற்பணம். அதைக்கூட இனாமாகக் கேட்கவில்லை. மாதம் இரண்டாயிரமாகத் திருப்பிக் கட்டுகிறாள், ஒரு மாதமும் தவறவில்லை. மூன்று பிள்ளைகளை இல்லத்தில் விட்டு அவர்களைச் சாப்பிட வைத்துப் படிப்பிக்கிற செலவை நினைத்துப் பாருங்கள். சபைகளின் வரவுசெலவுத் திட்டத்தில் முற்பண உதவிக்கென்று ஒரு சிறிய சுழற்சி நிதியை ஒதுக்க முடியாதா? மாவட்டத்தில் பதினேழு உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன. 2025 வைகாசியில் உங்களைத் தெரிவு செய்து அனுப்பினோம். வாக்குக் கேட்டு வந்தபோது வாடகை வீட்டுப் படலைகளையும் தட்டினீர்கள்.

பிறகு, பூட்டிக் கிடக்கிற வீடுகள். எங்கள் ஒழுங்கையில் மட்டும் நாலு. சொந்தக்காரர் கனடாவில், லண்டனில், ஜேர்மனியில். வருடத்தில் ஒரு மாதம் திருவிழாவுக்கு வருவார்கள், மற்ற நேரம் கறையான். வாடகைக்குக் கொடுக்கப் பயப்படுகிறார்கள். காரணம் கேட்டால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான், "பத்து வருசம் இருந்தால் ஆட்சி உரிமை பெற்றிடுவினம், பிறகு எழுப்ப ஏலாது." 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் வழக்குப் போட்டு வருடக் கணக்கில் அலைந்த கதைகள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கின்றன. அந்தப் பயத்தை வீடற்ற தாய் ஒருத்தியால் போக்க முடியாது. ஒரு பிரதேச சபையால் முடியும். சபையே ஆறு மாதத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் செய்து வீட்டை எடுத்து, சபையே பொறுப்பு நின்று, முடிய ஒப்படைத்தால், கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். நான் இரண்டு பேரைக் கேட்டேன். இரண்டு பேரும் யோசிக்கிறோம் என்றார்கள், மாட்டோம் என்று சொல்லவில்லை.

என் தங்கை லண்டனில். கணவருக்கு வேலை போய், வாடகை கட்ட முடியாமல் ஒருநாள் இரண்டு பிள்ளைகளோடு கவுன்சில் வாசலில் போய் நின்றவள். அன்றிரவே ஒரு ஹோட்டல் அறை கொடுத்தார்கள். நாலு பேருக்கு ஒரு அறை, அடுப்பு இல்லை, பிள்ளைகளுக்குத் தினமும் பாணும் ஜாமும். அழுது அழுது தொலைபேசி எடுத்தாள். பிரித்தானியாவில் 1977இலிருந்து, பிள்ளைகளோடு போக்கிடம் இல்லாமல் நிற்கிற குடும்பத்துக்குத் தற்காலிக இடமாவது கொடுப்பது கவுன்சிலின் சட்டக் கடமை. அந்த ஹோட்டல் அறை பிள்ளைகளுக்குக் கூடாது என்று கண்டு, பிள்ளையுள்ள குடும்பத்தை ஆறு கிழமைக்கு மேல் அப்படி வைத்திருக்கக் கூடாது என்றும் இங்கிலாந்தில் பிறகு விதி போட்டார்கள். அந்த விதி அங்கே இப்போதும் மீறப்படுவதுண்டு, அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் தங்கை சொன்ன ஒரு விஷயம் எனக்கு மறக்கவில்லை: "அக்கா, அறை கூடாதுதான். ஆனா பிள்ளையள் என்னோட படுத்ததுகள்." அவ்வளவு தூரத்தில் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்தது, இங்கே எங்கள் பிள்ளைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

கமராக்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வெளிநாட்டுக் காசில் உதவி செய்கிறோம் என்று தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இப்போது ஊருக்கு ஊர். தாயை அழவைத்து, பிள்ளையின் முகத்தைக் காட்டி, சமையலறைச் சட்டியைத் திறந்து காட்டி, யூடியூப்பில் போடுகிறார்கள். கொடுப்பது ஒரு பை அரிசி. திங்கட்கிழமை வகுப்பில் முழுப் பிள்ளைகளும் அந்த வீடியோவைப் பார்த்திருப்பார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு வராமல் நின்ற பெண்பிள்ளையை எனக்குத் தெரியும், இரண்டு தடவை வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்தேன், மூன்றாம் தடவை வரவில்லை. அரசின் கதவு பூட்டியிருப்பதால்தான் அந்தத் தாய்மார் கமராவுக்கு முன்னால் நிற்கிறார்கள். நீங்கள் திறக்கிற இடத்துக்குள் எந்தக் கமராவும் வரக் கூடாது. திறப்புவிழாவுக்குக்கூட.

அந்தப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்களோ அதே பள்ளிக்கூடத்தில் தொடர்ந்து படிக்க வேண்டும். இடம் தூரமாக இருந்தால் பஸ் பருவச்சீட்டு. வீடும் போய்ப் பள்ளிக்கூடமும் மாறினால் ஒரு பிள்ளைக்குத் தெரிந்த முகம் ஒன்றும் மிஞ்சாது.

எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தைப் போன கிழமை போய்ப் பார்த்தேன். இரண்டு அறை, ஒரு பெரிய கூடம். மலசலகூடம் பின்னுக்கு, கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட வேண்டும். தண்ணீர்த் தாங்கி சரியாக இருக்கிறது. ஒரு மின்விசிறி ஓடவில்லை. மூலையில் 2024 வெள்ளத்துக்கு வந்த பாய்கள் இன்னும் சுருட்டிக் கிடக்கின்றன, பன்னிரண்டு. சங்கத் தலைவரிடம் கேட்டேன், ஒரு குடும்பம் வந்தால் ஒரு அறையைத் திறந்து விடுவீர்களா என்று. "எனக்கு மனமிருக்கு டீச்சர். நாளைக்கு ஆரும் கேட்டால் காட்ட டிஎஸ் ஒஃபிசில இருந்து ஒரு கடிதம் வேணும்" என்றார், பிரதேச செயலகத்தைத்தான் சொன்னார். மாதர் சங்கத்தில் மூன்று பேர் முறைக்குச் சமைக்கச் சம்மதம். தாழ்ப்பாளை நானே வாங்கிவிட்டேன்.

சாவி தலைவர் வீட்டில், சுவாமிப் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. உங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை,
வலிகாமம், யாழ்ப்பாணம்.